மலை வீட்டை எப்படி விடலாம்: மாத வாடகையா, போக்கியமா, ஹோம்ஸ்டேயா, ஆபரேட்டரா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு கோவையிலோ மதுரையிலோ சென்னையிலோ குடியிருப்பவர்கள் வருஷம் தவறாமல் யோசிக்கும் விஷயம் இது. பெரும்பாலும் "மாசம் எவ்வளவு தேறும்" என்பதில் தொடங்கும் கணக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. சமவெளி வீட்டுக்கு அது போதும், சரிவில் நிற்கும் வீட்டுக்குப் போதாது. இங்கே வீட்டைக் கெடுப்பவர் குடியிருப்பவர் அல்ல. ஓதம், அடைபட்ட வாய்க்கால், சாய்ந்த மரம், பின்னாலிருந்து தள்ளும் மண் ஆகியவைதான் கெடுக்கின்றன. அதில் அடிபடுவதும் பல நேரம் உங்கள் வீட்டில் குடியிருப்பவர் அல்ல, தடுப்புச்சுவருக்குக் கீழே இருக்கும் அடுத்த வீட்டுக்காரர். அவருக்கும் உங்கள் வாடகை ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமில்லை. "சேதத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு" என்று நீங்கள் எழுதி வாங்கிய வரி அவரைக் கட்டுப்படுத்தாது.

அதனால் நான்கு வழிகளையும் வருமானத்துக்கு முன்னால் இன்னொரு கேள்வியை வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் அந்த வீட்டில் யார் இருப்பார்? அவர் கண்ணில் பட்டதை உங்களுக்குச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்?

மாத வாடகை

வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். வருமானம் குறைவு என்பது உண்மை. ஆனால் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்று மலையேறியவர் என்று வருஷம் முழுக்க அடுப்பெரிக்கும் குடும்பம் ஒன்று உள்ளே இருந்தால், "சார், பின்பக்கச் சுவத்துல தண்ணி வருது" என்ற போன் மழையின் முதல் வாரமே வந்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதே கசிவு ஜனவரியில்தான் தெரியவரும்.

சட்டப்பக்கம் தெளிவாக இருக்கிறது, ஆனால் பலரும் பாதி தூரம்தான் போகிறார்கள். தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிந்து எண் வாங்க வேண்டும். இணையதளத்திலேயே செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. 11 மாத ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளரிடம் போகத் தேவையில்லை என்பது சரி. அதனால் இந்தப் பதிவும் வேண்டாம் என்று நினைப்பதுதான் தவறு. வீட்டைக் காலி செய்ய வைக்கவோ பாக்கி வசூலிக்கவோ வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் அந்த எண் கையில் இருக்க வேண்டும்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் கூடுதலாக வாங்கலாம். 10 மாதம் வாங்கும் பழக்கம் இருக்கிற ஊரில், எழுதாமல் வாங்கினால் வம்பு. ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். ஆனால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி விரட்ட முடியாது. அப்படிச் செய்தால் நீங்கள்தான் அதிகாரி முன் நிற்பீர்கள்.

பராமரிப்பை யார் செய்வது என்பதற்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையே விடை வைத்திருக்கிறது. கட்டட அமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது, உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு, தோட்டம் எல்லாம் வாடகைதாரர் பாடு. மலைக்கு இது போதாது. கூரை நீர்வாரியில் சருகு அள்ளுவது, தடுப்புச்சுவரின் நீர்வடியும் துளைகளில் அடைப்பைக் குத்தி எடுப்பது, வாய்க்கால் பாசி எடுப்பது ஆகிய மூன்றையும் யார், எந்த மாதத்தில் செய்வது என்று தனியாக எழுதுங்கள். ஆள் வைத்துச் செய்யும் கூலியை உரிமையாளர் ஏற்பதும், வேலை நடந்ததை வாடகைதாரர் போட்டோ எடுத்து அனுப்புவதும் நடைமுறையில் ஒத்துப்போகும் ஏற்பாடு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வீட்டில் உங்களுக்குத் தெரிந்த, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை இருந்தால், அதை வாடகைக்கு வருபவரிடம் சொல்ல வேண்டிய கடமை 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவிலேயே இருக்கிறது. புடைத்த சுவரைச் செடிகொடி மறைத்திருக்கிறது, உங்களுக்குத் தெரியும், சொல்லவில்லை என்றால், பின்னால் "தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

தடுப்புச்சுவர், வயரிங், மரம்: எந்த வழியில் விட்டாலும் உங்கள் தலையில்தான்

நான்கு வழிகளுக்கும் பொதுவான செலவு இது. இதைக் கணக்கில் சேர்க்காமல் எதை எதோடு ஒப்பிட்டாலும் பயனில்லை.

கல் கட்டு தடுப்புச்சுவர் பெரும்பாலும் சுமையால் விழுவதில்லை, பின்னால் தேங்கும் தண்ணீரால் விழுகிறது. சுவரில் ஒன்று ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மூன்று அங்குலக் குழாய்த் துளைகள் வெளிப்பக்கம் சற்றே சாய்வாக இருக்க வேண்டும், துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். நல்ல மழை பெய்து அடுத்த நாள் போய்ப் பாருங்கள். துளை காய்ந்து கிடக்க, சுவர் முகம் மட்டும் நனைந்து கல்லிடுக்கில் நீர் பொசிந்தால் துளை அடைபட்டிருக்கிறது. வேரும் சேறும்தான் காரணம். கம்பி விட்டுக் குத்தி எடுக்க அரை நாள் வேலை. செப்டம்பரில் இதைச் செய்யாமல் விட்டால் நவம்பரில் சுவர் நடுவில் வயிறு தள்ளும், படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். அதற்குப் பிறகு பூச்சு வேலை செய்து மூடுவது ஏமாற்று.

கூரைத் தண்ணீர், வாஷிங் மெஷின் கழிவுநீர், செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழி எதுவும் சுவரின் பின்பக்க மண்ணில் இறங்கக்கூடாது. புதிதாகக் குடிவந்தவர் வாஷிங் மெஷின் குழாயை ஜன்னல் வழியே சரிவில் விட்டிருப்பார். இரண்டு மழைக்காலம் போதும்.

சுவரைத் திரும்பக் கட்டுவதும் நினைத்தவுடன் நடக்காது. நீலகிரியில் மாவட்ட நிர்வாக அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்க முடியாது. கையால் தோண்டினாலும் மண்ணை முட்டுக்கொடுக்காமல் செங்குத்தாக வெட்டினால் என்ன ஆகும் என்பதை 2024 பிப்ரவரியில் லவ்டேல் பார்த்தது. கட்டுமான வேலையில் இருந்த 6 பெண் தொழிலாளர்கள் இடிபாட்டில் சிக்கி இறந்தார்கள். அலட்சியத்தால் மரணம் விளைந்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. நஷ்டஈடு தனி.

வயரிங்கில் ஒரு சின்னக் கணக்கு. அறை ஹீட்டர் 2,000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு அறைகளில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். குளிரில் யாரும் பிளக்கைப் பார்த்து ஹீட்டர் வாங்குவதில்லை, எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகி ராத்திரி முழுக்க ஓடவிடுவார்கள், போர்டு உருகும். ஆகவே ஒவ்வொரு படுக்கையறையிலும் 16 ஆம்பியர் பிளக் ஒன்று, அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், வீட்டு மெயினில், மின்கசிவு வந்தால் தானே விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். கேஸ் கீசர் இருந்தால் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். குளிருக்கு ஜன்னலை அடைத்துக் குளிக்கும் ஊரில் அது உள்ளே இருப்பது கார்பன் மோனாக்சைடு ஆபத்து.

மரத்தை நீங்களாக வெட்டவும் முடியாது. 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கூரை மேல் சாய்ந்த கற்பூர மரத்துக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பது, மரம் விழுந்துவிட்டாலும், நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஆதாரம்.

போக்கியம் (ஒத்தி)

மொத்தமாக 8 லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு வீட்டைக் கொடுப்பது. வாடகை வசூலிக்கும் தொல்லை இல்லை, கையில் பணம் வருகிறது. ஆனால் மலை வீட்டுக்கு இதில் இரண்டு ஓட்டை.

முதலாவது, முறையாகச் செய்தால் செலவு. சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 8 லட்சத்துக்கு 40,000 ரூபாய். இதைத் தவிர்க்க வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதுதான் வழக்கம், தகராறு வந்தால் அந்தத் தாள் தாங்காது. ரொக்கமாக வாங்குவது இன்னும் மோசம். கடனாகவோ முன்பணமாகவோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதும் வங்கி வழியாகத்தான்.

இரண்டாவது, மூன்று வருஷம் கழித்து 8 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். நடுவில் கூரையோ சுவரோ போனால் செலவழிக்க மாத வருமானம் எதுவும் இல்லை, வாங்கிய பணமும் வேறெதிலோ முடங்கியிருக்கும். பணம் உடனே தேவை, வங்கிக் கடன் கிடைக்காது என்ற நிலையைத் தவிர இதைப் பரிந்துரைக்க முடியாது.

ஹோம்ஸ்டே

இதில்தான் ஆசையும் அதிகம், கணக்குப் பிசகுவதும் அதிகம். ஒரு பேச்சுக்கு, இரண்டு படுக்கையறை வீடு. மாத வாடகைக்கு விட்டால் 15,000, ஹோம்ஸ்டேயாக விட்டால் இரவுக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் எண்ணை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாத வாடகையில் வருஷத்துக்கு 1,80,000. ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்கு 15,000, சொத்து வரி, பெயிண்டுக்கு 20,000 கழித்தால் 1,45,000 நிற்கும்.

ஹோம்ஸ்டேயில் வருஷத்துக்கு 110 இரவு நிரம்பினால் 4,40,000 வரும். முன்பதிவுத் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 66,000. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், மாதம் 12,000 வீதம் 1,44,000. இரண்டிரண்டு இரவாக 55 குழு வந்தால், துணி வெளுக்க, சோப்பு, டீத்தூள் என்று குழுவுக்கு 700 வீதம் 38,500. மின்சாரம் 48,000. இணையம் 9,500. உடைசல், பெயிண்ட், மெத்தைக்கு 40,000. ஆக 3,46,000 போய் 94,000 மிஞ்சும். மாத வாடகையைவிட 51,000 குறைவு. ஒவ்வொரு கூடுதல் இரவும் கையில் ஏறக்குறைய 3,000 நிறுத்தும் என்பதால், வாடகையைத் தொடவே சுமார் 127 இரவு நிரம்ப வேண்டும்.

அதே கணக்கில் ஆள் சம்பளத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள், மிச்சம் 2,38,000. ஒரே வளாகத்தில் நீங்களே குடியிருந்து, சாவி கொடுத்து, காலையில் இட்லி வைப்பவராக இருந்தால் ஹோம்ஸ்டே தாராளமாக வெல்லும். இல்லாவிட்டால் தோற்கும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டமும் உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும் என்றும், ஆறு அறை, 12 படுக்கைக்கு மேல் கூடாது என்றும்தான் சொல்கிறது. கோவையில் உட்கார்ந்துகொண்டு நடத்துவது பெயருக்கு ஹோம்ஸ்டே, உண்மையில் உரிமம் இல்லாத லாட்ஜ்.

127 இரவு பெரிய எண்ணா என்றால், ஏப்ரல்-மே சீசன், பூஜை விடுமுறை, டிசம்பர் கடைசி, வாரக்கடைசிகள் என்று எண்ணிப் பாருங்கள். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வந்தது. வாரக்கடைசியை நம்பிப் போட்ட கணக்கு அப்போதே ஆட்டம் கண்டது. மழையில் சாலை மூடினால் முன்பதிவு ரத்தாகும், ஆள் சம்பளம் ரத்தாகாது.

பொறுப்பும் இங்கே தன்மை மாறிவிடுகிறது. மாத வாடகைதாரர் உங்களிடம் குத்தகை உரிமை பெற்றவர், சண்டை வந்தால் வாடகை நீதிமன்றம். ஓரிரவு தங்குபவர் பணம் கொடுத்துச் சேவை பெற்றவர், அவருக்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாசி பிடித்த படியில் வழுக்கி இடுப்பு உடைந்தாலும், பால்கனிக் கம்பி இடுக்கில் குழந்தை நழுவினாலும் நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். "சொந்தப் பொறுப்பில் தங்கவும்" என்ற போர்டு அங்கே எடுபடாது. கம்பிகளின் இடைவெளி நாலு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், படியில் சொரசொரப்புக் கல், ராத்திரி விளக்கு.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் இழுத்துக்கொண்டு தூங்குவது அடுத்த ஆபத்து. கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் பார்பிக்யூ கரி அறைக்குள் இருந்ததால் தூக்கத்திலேயே உயிர் போனது. கேம்ப் ஃபயர் கொடுப்பவர் அடுப்பை எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்ட வேண்டும், அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்ட வேண்டும். கோத்தகிரிப் பக்கம் என்றால் சமையலறைக் கழிவையும் எண்ணெய் டப்பாவையும் வெளியே வைக்கவிடக்கூடாது, கரடி கதவை உடைக்கும். காட்டெருமையோடு செல்ஃபி எடுக்கக் கிளம்பும் விருந்தாளியை யார் தடுப்பது என்பதற்கும் பதில் வேண்டும், அதற்கும் அங்கே ஆள் வேண்டும்.

சின்னச் செலவாகத் தெரிந்து பெரிதாகக் கடிப்பவை மூன்று. வீட்டு இணைப்பு மின்சாரத்தில் ஹோம்ஸ்டே நடத்தி, அது வணிகப் பயன்பாடு என்று மின்வாரியம் முடிவு கட்டினால், மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் இரு மடங்கு கட்டணம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். ஆகவே எந்தக் கட்டணப் பிரிவு என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் விருந்தாளிக்குச் சமைக்கக்கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். ஜிஎஸ்டி பெரிய தலைவலி அல்ல. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு இல்லாவிட்டால், தளம் வழியாக வரும் முன்பதிவுக்கான வரியைத் தளமே கட்டும்.

தண்ணீர் இன்னொரு பக்கம். குன்னூருக்கு ரேலியா அணை, ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி. கோடையில் நகராட்சித் தண்ணீர் நாள் கணக்கில் தள்ளிப்போகும்போது அதே வாரங்களில்தான் உங்கள் சீசனும். ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆறு பேர் குளித்துத் துவைக்க லாரித் தண்ணீர் வாங்கும் செலவு மேலே சொன்ன கணக்கில் சேரவில்லை.

ஆபரேட்டரிடம் மொத்தமாக விடுவது

"மாசம் 25,000 உறுதி, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பது, வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து விருந்தாளிகளுக்கு விட்டு நடத்தும் ஆபரேட்டர்களின் பேச்சு. காதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் இருப்பது ஆபரேட்டரின் வேலையாள், வேலையாளுக்கு மேல் மேலாளர், மேலாளருக்கு மேல் முதலாளி. சுவர்க் கசிவு உங்கள் காதுக்கு வர மூன்று படி. ஹோம்ஸ்டேயின் ஆபத்து முழுவதும் இருக்கும், அதன் கண்காணிப்பு உங்களிடம் இருக்காது. விதிமீறிய கட்டடம் என்று நோட்டீஸ் வந்தால் அதில் உங்கள் பெயர்தான் இருக்கும். நீலகிரியில் உயர வரம்பு 7 மீட்டர். மாடியில் தகர ஷீட் போட்டு இரண்டு அறை சேர்க்கும் ஆசை ஆபரேட்டருக்கு வரும், சீல் வைப்பது உங்கள் வீட்டுக்கு.

அப்படியும் விடுவதென்றால் சில வரிகள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்து அனுமதி இல்லாமல் ஆணி அடிப்பதைத் தாண்டி எந்த மாற்றமும் கூடாது. பொதுப் பொறுப்புக் காப்பீடு அவர் செலவில், பாலிசியில் உங்கள் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும், நகல் ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். உரிமம், மின்கட்டண வகை மாற்றம், அபராதம் எல்லாம் அவர் கணக்கு. முன்பணம் ஆறு மாதம், உள்வாடகை கூடாது. அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராகவும் நீங்கள் பதிவு இல்லாதவராகவும் இருந்தால், வாடகை மீதான 18 சதவீதத்தை அவரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும், உங்கள் வாடகையில் பிடிக்க முடியாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீடு எதைத் தாங்கும்

2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரும் பாரத் கிரஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் தீ, புயல், வெள்ளத்தோடு நிலச்சரிவும் உண்டு. தடுப்புச்சுவரும் கட்டடத்தில் சேரும். சேதத்தால் குடியிருக்க முடியாமல் போனால் இழந்த வாடகையும் கிடைக்கும். ஆனால் விலக்குகளைப் படியுங்கள். மண் கொட்டி நிரப்பிய இடம் இறங்கினால் இல்லை. தரமற்ற வேலையால் வந்த சேதத்துக்கு இல்லை. தோண்டும் வேலை, இடிப்பு, மராமத்தால் நிலம் நகர்ந்தால் இல்லை. மலை வீடுகளில் பல, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பிக் கட்டியவை, எனவே முதல் விலக்கே பலருக்குப் பொருந்தும். இது குடியிருப்பு வீட்டுக்கான பாலிசி, ஹோம்ஸ்டே நடத்தினால் வணிகப் பாலிசிதான். கீழ்வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் தரவேண்டிய நஷ்டஈட்டை இது தராது, அதற்குப் பொறுப்புக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். மாத வாடகைக்கு விடுபவரும் எடுக்கலாம், சரிவுக்குக் கீழே வீடு இருந்தால் எடுத்தே ஆக வேண்டும்.

வரியில் மாத வாடகைக்கு ஒரு சலுகை உண்டு. கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழிவு.

மாத வாடகை என்று முடிவானால் ஒப்பந்தத்தை மே 1-ல் தொடங்குங்கள். 11 மாதம் மார்ச் 31-ல் முடியும். ஏப்ரல் வெயிலில் கூரை ஓடு மாற்றவும், ஓதம் காய்ந்த சுவரில் பெயிண்ட் அடிக்கவும், தடுப்புச்சுவரைக் கொத்தனாரோடு நின்று பார்க்கவும் ஒரு மாதம் கிடைக்கும். ஜூன் பள்ளித் திறப்புக்கு வீடு தேடும் குடும்பங்கள் வருவதும் அந்த மாதத்தில்தான். நவம்பரில் முடியும் ஒப்பந்தம் என்றால் வீடு மழையில் காலியாகி மழையிலேயே கிடக்கும், ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் பொங்கலுக்குள் உரியும்.